செல்வம் கொண்டுவந்த சீசா

போன வாரம் வானகரத்தில் ஸ்கூட்டரை சர்வீசுக்கு விட்டிருந்தேன். மெக்கானிக் புது ஆயில் டப்பாவைத் திறந்ததும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. "இதுல நெறைய வெரைட்டி கீது சார், அதெல்லாம் உங்களுக்குப் புரியாது," என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பழைய எரிச்சலும்.

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில், மசகு எண்ணெய் கலந்து டிரம்மில் அடைக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் லேபில் இருந்தேன். லேபில் இருந்தேன் என்பதுகூட மிகைதான்; லேபே நான் ஒருத்தன்தான். ஒரு மேஜை, ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு ஸ்டாப்வாட்ச். குழாயில் எண்ணெய் இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

டிரம் நிரப்பும் இடத்தில் செல்வம். இருவரும் திருமுல்லைவாயிலில் ரயில் ஏறுவோம். என் வேலையின் வார்த்தைகள் மேல் அவனுக்கு ஆசை. நானும் வாத்தியார் கணக்காக விளக்குவேன். கூழும் ரசமும் ஒரே வேகத்தில் ஓடுமா? அந்த வித்தியாசம்தான் விஸ்காசிட்டி. மார்கழியில் தேங்காயெண்ணெய் சீசாவைக் கவிழ்த்தாலும் விழாதில்லையா, எந்தக் குளிர்வரை எண்ணெய் ஓடுமோ அது போர் பாயிண்ட். சூடேறிய எண்ணெயில் நெருப்பைக் காட்டினால் ஆவி பக்கென்று பற்றி அணைகிறதே, அந்தச் சூடு ஃப்ளாஷ் பாயிண்ட். ரயில் இறங்குவதற்குள் ஒப்பித்துவிடுவான். எனக்குப் பெருமை தாங்காது.

சாம்பிளை டிரம்மிலிருந்து நானே எடுக்க வேண்டும் என்பது விதி. "இன்னாத்துக்கு மச்சான் நீ அங்க வந்து சட்டைய அழுக்கு பண்ணிக்கினு? நான் எடுத்தாறேன்," என்றான். நண்பன் என்றால் இவனல்லவா என்று பூரித்துப்போனேன். மாதக்கணக்கில் அவன் கொண்டுவந்த சீசாவைத்தான் சோதித்தேன். ஒவ்வொரு முறையும் அதே நொடிக்கணக்கு. நம்ம சரக்கு அவ்வளவு சுத்தம் என்று முதலாளியிடம் பீற்றல் வேறு. முட்டாள்! கலந்து செய்கிற பொருள் எப்படி இம்மி பிசகாமல் வரும்?

ஒருநாள் பூந்தமல்லி பட்டறைக்காரர் ஒருவர், மெஷின் தேய்ந்துபோச்சு என்று எங்கள் எண்ணெயோடு வந்து கத்தினார். எல்லோர் முன்னாலும் குழாயில் விட்டேன். பாதி நேரத்தில் தண்ணீராய் இறங்கிவிட்டது. செல்வம் டிரம்மில் கழிவெண்ணெயைக் கலந்துவிட்டு நல்லதை வெளியே விற்றிருக்கிறான், என் சீசாவுக்கென்று மட்டும் ஒரு கேன் நல்ல எண்ணெய் ஒதுக்கியிருக்கிறான் என்பதெல்லாம் நான் கம்பெனியை விட்டு வந்த பிறகு காதுக்கு வந்த சேதி.

"சாம்பிள் கொண்டுவந்தது இவன்தான் சார்," என்றேன் முதலாளியிடம். செல்வம் என் பக்கமே திரும்பவில்லை.

"டிரம்மு உருட்றவன் சார் நானு. எனக்கு இன்னா தெரியும்? விஸ்காசிட்டியோ இன்னாவோ, அந்தப் பேருகூட வாயில நுழையாது. டெஸ்டு, கையெழுத்து எல்லாம் அவருதான்."

அவரு! காலையில் ரயிலில்கூட மச்சான். அன்றைக்கே வேலை போயிற்று, அதுகூட ஆறிவிட்டது. அந்தப் பேரு வாயில் நுழையாதாம், அதுதான் இன்னும் அறுக்கிறது.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. நிற்கட்டும். பிறகு ஆவடியில் ஒரு உதிரிபாகக் கடையில் ரொம்ப வருஷம் ஆயில் விற்றேன். யாராவது எதையாவது கேட்டால் உட்காரவைத்து விளக்கும் அந்தப் பழைய ஆளாக நான் அங்கே இல்லை. "விஸ்காசிட்டின்னா இன்னா அண்ணாத்தே?" என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள்.

எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடுவேன்.