உளி தீட்டிய கை

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளைப் பெண் பார்க்க பனவடலிசத்திரத்திலிருந்து வந்தார்கள். நல்ல குடும்பம். மகளுக்குப் பையனைப் போட்டோவிலேயே பிடித்துவிட்டது. இந்த இடம் கைநழுவிப் போய்விடக் கூடாதே என்று எனக்கு வாரம் பூராவும் ஒரே பயம்.

பயம் பையன் வீட்டாரைப் பற்றி அல்ல... என் வீட்டுக்காரரின் இடது கையைப் பற்றி!

ரிட்டயர் ஆனதிலிருந்து அவருக்குத் தச்சு வேலை மேல் ஆசை. உளி, இழைப்புளி எல்லாம் வாங்கினார். வாங்கினால் தீட்ட வேண்டுமே? சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்து, உளியின் சாய்ந்த பக்கத்தைப் படிய வைத்துத் தேய்ப்பார். பிசிறு போக, பழைய பெல்ட்டில் இழுப்பார். துருப் பிடிக்காமல் எண்ணெய் பூசித் துணியில் சுற்றி வைப்பார் — அதுவும் என் நல்ல துணியில். மறுநாள் பிரித்து மறுபடி தீட்டுவார். இதுவரை ஒரு முக்காலி செய்திருப்பாரா? கேட்டால், கூர் இன்னும் வரவில்லையாம். சில ஆண்களுக்கு வேலையைவிட, வேலைக்குத் தயாராவதில்தான் இன்பம்.

கூர் வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முன்கை முடியை உளியால் சிரைத்துப் பார்க்க வேண்டுமாம். தச்சர்கள் எப்போதாவது பார்ப்பார்கள். இவர் தினமும். கை முழுக்கத் திட்டுத் திட்டாக வழுக்கை.

முழுக்கைச் சட்டை போடுங்கள் என்று கெஞ்சினேன். இந்தச் சங்கரன்கோவில் வெயிலுக்கா என்று கேட்டுவிட்டு, அரைக்கைச் சட்டையோடு வந்து உட்கார்ந்தார். பஜ்ஜித் தட்டை அவரே நீட்டினார். பையனின் அம்மா கையைப் பார்த்தார்கள். எடுத்த பஜ்ஜியை அப்படியே வைத்துவிட்டார்கள். கணவரின் காதில் ஏதோ சொன்னார்கள். போச்சு... தோல் வியாதி என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

பையனின் அப்பாதான் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “அண்ணாச்சி, கையில என்ன... வைத்தியம் எதும் பாக்குதியளா?”

“வைத்தியம்லாம் இல்ல. உளி தீட்டுதேன்ல... கூர் பாக்கச் சிரைச்சது.”

அந்த மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். உளி முடியைச் சிரைக்குமா என்றார். அவ்வளவுதான்! இரண்டு பேரும் கொல்லைப்பக்கம் போய்விட்டார்கள். காபி ஆறிப்போனது. நானும் பையனின் அம்மாவும் வெயிலைப் பற்றிப் பேசி, பஸ்ஸைப் பற்றிப் பேசி, கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பி வந்தபோது பையனின் அப்பா கையிலும் ஒரு வழுக்கை. முகத்தில் அப்படியொரு பூரிப்பு!

அந்த அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்கள். “எங்க வீட்டுக்காரவ ஒரு ஆணிகூட அடிக்க மாட்டாவ மதினி. இனி உளிய வாங்கிட்டு உக்காந்துருவாவ.” சொல்லிவிட்டு அவர்களே சிரித்துவிட்டார்கள். தங்களுக்குச் சம்மதம் என்றும் சொன்னார்கள். அப்பாடா!

ஆனால் கதவோரம் நின்ற என் மகள் சிரிக்கவில்லை. பாவம், இங்கே பார்த்தது போதாதென்று போகிற இடத்திலும் இதே கதையா? முழுக்கைச் சட்டையில் உட்கார்ந்திருந்த பையனிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கேளம்மா என்றார்கள். கேட்டாள்.

“சட்டைக் கைய கொஞ்சம் மடிச்சு விடுதியளா?”

பையன் திருதிருவென்று விழித்தான். மடித்தான். இரண்டு கையிலும் கருகருவென்று முடி. அதன் பிறகுதான் சரி என்று தலையாட்டினாள்.

கல்யாண வயதில் பெண் வைத்திருப்பவர்களே... படிப்பு, சம்பளம், குணம் எல்லாம் நன்றாக விசாரியுங்கள். அப்படியே சட்டைக் கையையும் ஒரு தடவை மடிக்கச் சொல்லிவிடுங்கள்!