செவலைக்குப் பங்கில்லை

முயல் எழும்புவதற்குச் சற்று முன் நாயின் வால் நின்றுவிடும். அதுவரை புதருக்குள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்த வால் பாதி வழியில் அப்படியே நிற்கும். சருகுச் சத்தம் நிற்கும், மூச்சிரைப்பு நிற்கும். அதற்காகத்தான் போனேன், ஒவ்வொரு முறையும். கறிக்காக என்று வீட்டில் சொன்னேன். காலாற நடந்துவிட்டு வர என்று வேலையிடத்தில் சொன்னேன். இரண்டும் இல்லை. அந்த வால் நிற்கும்போது என் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று எழுந்து நிற்கும். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற, மாடிப்படி ஏறினால் கைப்பிடியைத் தேடுகிற ஒருவனுக்குள் அப்படி எழுந்து நிற்க வேறு எதுவும் மிச்சமில்லை. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அந்த இன்பத்தைக் குறைத்து எழுதினால் அதைவிடக் கேவலம்.

பாரிவாக்கத்துக்குப் பின்னால் பிளாட் போட்டு, விற்று, யாரும் வீடு கட்டாமல் கிடக்கும் நிலம் ஒன்று உண்டு. மஞ்சள் அடித்த அளவுக்கற்கள் கோரைக்குள் முழுகிவிட்டன. நடுவில் போட்ட முப்பதடி ரோட்டில் சீமைக்கருவேலம் முளைத்து, குடை பிடித்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டது. ஓரத்தில் ஏரிக்குப் போகிற பழைய கால்வாய். ஆளுக்குத்தான் அது காலி நிலம். முயலுக்கு அது ஊர், தெரு, சந்து. விடியும்போது பனி இறங்கிய கோரையில் அதன் வழிகள் தெரியும், தலைவாரும்போது எடுத்த வகிடு மாதிரி. முயல் பிடித்தால் வழக்கு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் துணிக்கடைப் பைகளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போவோம்.

எல்லோரும் என்றால் மூன்று பேர். நான், என் மனைவியின் தம்பி, அவனுடைய சிநேகிதனான ஆட்டோக்காரன். மச்சான் அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை செய்கிறான். குடியிருப்பது பாரிவாக்கத்தில், வாடகைக்கு. இரண்டு நாய்களும் அவனுடையவை. ஒன்று செவலை, வயதான பெட்டை. காதோரம் நரைத்து, மூக்குத்தண்டு முழுக்க முள் கிழித்த தழும்புகள். இன்னொன்று அவன் போன வருடம் வாங்கிய வெள்ளைக்கால் கடுவன், ஒல்லி, நெட்டைக்கால். அதை இளசு என்போம்.

வேலை இப்படி. செவலை புதருக்குள் போகும். அதற்கு ஓட்டமில்லை, மூக்கு உண்டு. ஒவ்வொரு தூரையும் மோந்து, பொறுமையாக, பாத்திரம் விளக்குகிறவள் மாதிரி மூலை விடாமல் வரும். இளசு வெளியே, மச்சான் கைப்பிடியில், நடுங்கிக்கொண்டு நிற்கும். புதரிலிருந்து முயல் வெளியேறக்கூடிய சந்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும். அதற்குத்தான் நான். முயலைக் கண்டதும் குரல் கொடுக்க வேண்டும், ‘ஓடுதே!’ என்று. குரல் கேட்ட பக்கம் மச்சான் இளசை விடுவான். எனக்கு வேறு வேலையே கிடையாது. பார்க்க வேண்டும், கத்த வேண்டும்.

போன காணும் பொங்கலன்று காலை ஆட்டோவில் போகும்போதே பேச்சு செவலையைப் பற்றித்தான். வீட்டுக்காரம்மா ஒரு நாய்தான் வைத்துக்கொள்ளலாம், இரண்டு என்றால் காலி பண்ணு என்று மச்சானிடம் சொல்லிவிட்டாளாம். குமணன்சாவடியில் ஒரு குடோனில் கட்டிப்போட நாய் கேட்கிறார்கள்.

"இளச குடுத்துட்டு கெயவிய வச்சிகினு இன்னா பண்ணப் போற? சுண்டலு வித்து குடுக்குமா?" என்றான் ஆட்டோக்காரன், கண்ணாடியில் எங்களைப் பார்த்தபடி.

"அது இல்லாட்டி மொசல யாருடா கெளப்பி உடுவா? நீயா?" என்றான் மச்சான்.

"நா கெளப்புவேன் மாமே. ஆரன் அடிச்சா போதும்."

செவலை என் காலுக்கடியில் படுத்திருந்தது. அதன் முகவாய் என் ஷூவின் மேல். மச்சான் அதைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தணிந்த குரலில், "இன்னிக்கு பாப்போம். இன்னிக்கு ஒண்ணு கெளப்பிச்சின்னா அது நம்ம ஊட்லதான். இல்லன்னா குடோனு. அவ்ளோதான் மாமா, நானே முடிவு பண்ணிட்டேன்" என்றான். என்னிடம் ஏன் சொன்னான் என்று தெரியவில்லை. அக்கா புருஷனிடம் சொன்னால் அது சத்தியம் பண்ணிய மாதிரி ஆகிவிடும் என்று நினைத்திருக்கலாம்.

கால்வாய் ஓரத்துச் சந்தில் என்னை நிற்க வைத்தார்கள். "மாமா, பாம்பு கீம்பு இருக்கும், பாத்து நில்லுங்க. ஃபோன நோண்டாதீங்க."

"அண்ணாத்தே கவித எழுத ஆரமிச்சிட்டாருன்னா மொசலே வந்து, சார் கொஞ்சம் வழி உடுங்கன்னு கேக்கும்" என்றான் ஆட்டோக்காரன்.

செவலையை உள்ளே விட்டார்கள். எனக்குத் தெரிகிற இடத்திலிருந்து அதன் வால் நுனி மட்டும் கோரைக்கு மேலே வந்து வந்து போனது. ஈர மண்ணின் வாசனை. எங்கோ ஒரு கோயில் ஒலிபெருக்கி கரகரத்து நின்றது. நெடுஞ்சாலையில் லாரிகள் போகிற இரைச்சல், அதற்குள் ஒரு செம்போத்தின் குரல், அதற்குள் செவலையின் மூச்சு. ஸ்ஸ், ஸ்ஸ், ஒரு தும்மல், மறுபடி ஸ்ஸ். நான் நானாக இல்லை. காதாக இருந்தேன், கணுக்காலில் ஏறுகிற குளிராக இருந்தேன். வால் வலப்பக்கம் போனது. திரும்பியது. வேகமெடுத்தது. அடித்தது, அடித்தது, நின்றது.

என் வயிற்றில் அது எழுந்து நின்றது.

முயல் பாயவில்லை. பாய்ந்திருந்தால் கத்தியிருப்பேன், தன்னால் வந்திருக்கும். அது ஊர்ந்து வந்தது. காதை முதுகோடு ஒட்டிக்கொண்டு, வயிறு தரையில் தேய, தண்ணீர் வழிகிற மாதிரி கோரையின் அடியில் வழிந்து, என் இரண்டு ஷூக்களுக்கும் ஒரு சாண் தள்ளி ஒரு புல் குத்தில் வந்து உட்கார்ந்தது. நான் மரம் என்று நினைத்ததோ என்னவோ. பிடரி ரோமம் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது. ஒரு கண் என்னைப் பார்த்தது. அந்தக் கண்ணில் கெஞ்சல் இல்லை, பயம்கூட இல்லை. பெரிதாக, பழுப்பாக, வெறுமனே திறந்திருந்தது. அதில் வானமும் ஒரு மின்கம்பமும் தெரிந்தன.

நான் குரல் கொடுக்கவில்லை.

கருணை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் இதே சந்தில் எத்தனையோ முறை தொண்டை கிழியக் கத்தியவன் நான். இளசு கவ்விய முயல் கைக்குழந்தை மாதிரி வீறிடும்போது காதைப் பொத்திக்கொள்ளாமல் நின்றவன். அன்று வாய் திறக்காததற்குக் காரணம் தேடி இன்னும் அலைகிறேன். இவ்வளவு கிட்டத்தில், எனக்கென்று மட்டும் வந்து உட்கார்ந்ததை யாருக்கும் காட்ட மனமில்லை. அந்தச் சின்னத்தனம்தான் அதிகம் இருந்தது என்று தோன்றுகிறது.

செவலை வந்தது. ஒரு அடி தப்பாமல், அந்த முயல் வந்த அதே வழியில், மூக்கால் நூல் பிடித்துக்கொண்டு வந்தது. கோரை அசைந்ததும் முயல் என் பின்னால் நழுவி, கால்வாய்ப் பாலத்தடியில் கிடந்த சிமெண்ட் குழாய்க்குள் போய் அந்தப் பக்கம் மறைந்தது. செவலை புல் குத்தில் மூக்கை வைத்தது. புல் அமுங்கிக் கிடந்தது. அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. குரலுக்காகக் காத்தது. இத்தனை வருடம் அதன் வேலை முடிகிற இடத்தில் என் வேலை தொடங்கியிருக்கிறது. அது அந்த ஒழுங்கில் வளர்ந்த நாய். மெல்ல முனகியது. ‘நான் கொண்டுவந்துவிட்டேன், நீ சொல்ல வேண்டியதைச் சொல்.’ வேறு எப்படியும் அந்த முனகலை என்னால் படிக்க முடியவில்லை.

முள்ளை விலக்கிக்கொண்டு மச்சான் வந்தான். பின்னாலேயே ஆட்டோக்காரன்.

"இன்னா மாமா, எதுனா வந்துச்சா?"

"இல்லையே," என்றேன்.

செவலை இன்னும் என் காலடியில் மோந்துகொண்டிருந்தது. மச்சான் குனிந்து அதன் கழுத்தைப் பிடித்தான். குனிந்தவன் ஒரு நிமிடம் நிமிரவில்லை.

"பாத்தியா, அண்ணாத்தே ஷூவ மோந்துகினு கீது. மூக்கும் பூட்ச்சி இதுக்கு" என்றான் ஆட்டோக்காரன்.

மச்சான் நிமிர்ந்து என்னைப் பார்க்காமல், "ஆமாடா, வயசாயிட்ச்சி" என்றான்.

வெயில் ஏறிய பிறகு இளசு திறந்த பிளாட்டில் தானாகவே ஒன்றை எழுப்பி, தானாகவே துரத்தி, அளவுக்கல் பக்கத்தில் கவ்விவிட்டது. மூன்று பேரும் கத்தினோம். நானும்தான் கத்தினேன், எல்லோரையும்விட உரக்க.

பாலத்தடியில் வைத்துப் பங்கு போட்டார்கள். ஆளுக்கு ஒரு பங்கு, நாய்க்கு ஒரு பங்கு என்பது இங்கே வேட்டைக்குப் போகிற எல்லோருக்கும் உள்ள கணக்கு. நாய் ஓடியதோ இல்லையோ, புதருக்குள் இறங்கியிருந்தால் அதற்கும் உண்டு. ஈரலை இளசுக்குப் போட்டான் மச்சான். செவலை வாலைத் தரையில் தட்டியபடி தள்ளி உட்கார்ந்திருந்தது.

"அதுக்கு இன்னாத்துக்குப் பங்கு? காலைலர்ந்து மோந்துகினேதான இருந்துச்சி?" என்றான் ஆட்டோக்காரன்.

மச்சான் கத்தியைத் துடைத்தான். அந்தப் பங்கை மற்ற பங்குகளில் பிரித்துப் போட்டான். பிறகு தொடைக்கறியைத் தனியாக எடுத்து என் பையில் வைத்தான். "மாமா, நீங்க இத்த எடுத்துக்கங்க. அக்காவுக்குப் புடிக்கும்." நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. செவலை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று கொரட்டூரில் எங்கள் வீட்டில் மிளகு அதிகம் போட்டு என் மனைவி அதை வறுத்தாள். எப்போதும் போல நான், "பாவம், எப்படி ஓடிச்சு தெரியுமா" என்று ஆரம்பித்தேன். "பாவம் பாவம்னு சொல்லிகினே எலும்ப உறியுறதுக்கு உங்கள உட்டா ஆளு கெடையாது" என்றாள் அவள், இன்னொரு துண்டைத் தட்டில் வைத்தபடி. ருசியாக இருந்தது. விரல் நக்கும் அளவுக்கு ருசியாக இருந்தது. இதையும் குறைத்து எழுத முடியவில்லை.

பொங்கல் லீவு முடிந்து மச்சான் வீட்டுக்குப் போனபோது வாசலில் இளசு மட்டும் இருந்தது. செவலையின் அலுமினியத் தட்டைக் கவிழ்த்து அதன் மேல் துளசித் தொட்டி வைத்திருந்தார்கள்.

"அனுப்பிட்டியா?"

"ஆமா மாமா. நேத்து வண்டில ஏத்திகினு போனாங்க. தானா ஏறி குந்திகிச்சி, வேட்டைக்குன்னு நென்ச்சிகினு."

உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே சொன்னேன், அன்று என் காலடியில் முயல் வந்து உட்கார்ந்ததை, நான் வாய் திறக்காததை.

"தெரியும் மாமா" என்றான்.

"எப்படி?"

"புல்லுல கை வச்சிப் பாத்தேன். சூடா இருந்துச்சி. மொச மயிருகூட ஒட்டிகினு இருந்துச்சி. செவல இல்லாதத மோக்காது."

"அப்ப ஏண்டா அவன் சொன்னதுக்கு ஆமான்ன?"

அவன் சிரித்தான். சங்கடத்தில் சிரிக்கிற சிரிப்பு. "பின்ன இன்னா பண்ண சொல்றீங்க? அவன் எதிர்ல, மாமா நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்லவா? அக்கா ஊட்டுக்காரரு நீங்க. அவன் ஸ்டாண்டு பூரா சொல்லிச் சிரிப்பான். அதுன்னா நாயி. அது இன்னா மரியாத போச்சுன்னு கோச்சிக்கப் போவுதா?"

உள்ளேயிருந்து அவன் மனைவி காபி கொண்டுவந்தாள், அகலமான எவர்சில்வர் டம்ளரில், விருந்தாளிக்குக் கொடுக்கிற டம்ளரில். குடித்தேன்.

"திரும்பக் கூட்டிட்டு வந்துடலாமே?" என்றேன்.

"கூட்டினு வரலாம். எங்க வெக்கறது? இங்க ஒண்ணுதான். உங்க ஊட்ல ரெண்டாவது மாடி. வெச்சிக்கிறீங்களா?"

ஃப்ளாட்டில் நாய் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கீழ்வீட்டில் ஒன்று இருக்கிறது, சோபாவிலேயே படுக்கிறது. கேட்டால் என் மனைவி இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு மூன்றாம் நாள் சோறு பிசைந்திருப்பாள். எல்லாம் தெரியும். மச்சான் என் முகத்தைப் பார்த்தான். நான் டம்ளரைப் பார்த்தேன். அவன் மறுபடி கேட்கவில்லை. மரியாதை.

பிறகு ஒரு நாள் குமணன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, கோழிக்கடையில் கொஞ்சம் ஈரல் வாங்கிக்கொண்டு குடோனுக்குப் போனேன். தகரக் கூரை, அட்டைப்பெட்டிகள், லாரி பின்னால் வரும்போது அடிக்கிற பீப் சத்தம். சங்கிலி நீளம் வரைக்கும் மண் வட்டமாகத் தேய்ந்திருந்தது. செவலை எழுந்து வாலை ஆட்டியது. கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஈரலைத் தின்றது, பொட்டலம் கட்டிய காகிதத்தை நக்கியது, பிறகு என் ஷூவை மோந்தது. நிறைய நேரம் மோந்தது.

"நல்ல நாய் சார். தூங்கவே தூங்காது" என்றார் காவல்காரர்.

அப்போது அட்டைப்பெட்டிகளுக்கு அடியில் ஏதோ சரசரத்தது. பெருச்சாளியாக இருக்கும். செவலை திரும்பியது. வால் படபடவென்று அடித்தது, அடித்தது, பாதியில் அப்படியே நின்றது.

என் வயிற்றுக்குள் அது எழுந்து நின்றது. அந்தத் தகரக் கூரைக்கடியில், அந்தச் சங்கிலிக்குப் பக்கத்தில், வெட்கமில்லாமல் எழுந்து நின்றது. குரல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. செவலை பாய்ந்தது. சங்கிலி இழுத்து, அதை முன்னங்கால் தரையில் பாவாமல் நிறுத்தியது.

அது திரும்பி என்னைப் பார்த்தது, குரலுக்காக.