விழவில்லை, குதித்தேன்

ஐம்பதுகளின் தொடக்கத்தில், ஒரு மாசி மாதம் நடந்தது இது. எனக்கும் என் அத்தை மகனுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் வீடு திருவொற்றியூர்க் குப்பத்தில், அத்தை வீடு எண்ணூரில். இரண்டு வீட்டிலும் கடல் தொழில்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் மணப்பெண்ணைப் படகில் அழைத்துப் போய், கடலில் பால் ஊற்றிப் பூ விடச் சொல்வது எங்கள் குடும்ப வழக்கம். பிறகு எண்ணூர்க் கரையில் இறங்கி, மீன் குழம்பு வைத்து, ஆட்டம் பாட்டத்தோடு சாப்பிடுவோம். மாப்பிள்ளை படகில் ஏறக் கூடாது, கரையில் அடுப்பு மூட்டிக் காத்திருப்பார். மஞ்சள் பூசிய பெண்ணின் கையிலிருக்கும் பூ கடலைத் தொடலாம், அவள் தொடக் கூடாது. தொட்டால் தொழிலுக்குப் போகிற ஆண்களுக்கு ஆகாதாம். யார் கண்டுபிடித்தார்களோ!

அன்று என் அண்ணன் ஒரு விளையாட்டுச் சாமான் கொண்டுவந்திருந்தான். துறைமுகத்தில் முங்கி வேலை செய்பவர்களுக்கு எடுபிடியாக இருந்தான் அவன். லாரி ட்யூபை வெட்டி, அதில் கண்ணாடியைப் பதித்து, மூச்சு விட ஒரு ரப்பர் குழாயும் வைத்திருந்தான். அதை முகத்தில் மாட்டிக்கொண்டு குப்புற மிதந்தால் அடியில் இருப்பதெல்லாம் தெரியும். பூ விட்டு முடிந்ததும், ஒரு பாறைத் திட்டுக்கு மேலே படகை நிறுத்தினார்கள். பையன்கள் ஒவ்வொருவராகக் குதித்துப் பார்த்துவிட்டு வந்து, "இன்னாமா கீது தெரியுமா!" என்று பீற்றிக்கொண்டார்கள். பெண்கள் நாங்கள் அவர்களுக்கு முறுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கடல் மீனைக் கூடையில் சுமந்து விற்றவள் நான். வயதுக்கு வரும்வரை அண்ணனுக்குச் சரியாக நீந்தியவள். "எனக்கும் குடுண்ணா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் புடவையை வாரிச் செருகி, கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு குதித்துவிட்டேன்.

கொஞ்ச நேரம்தான் இருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதுவரை இருந்ததில்லை.

மேலே ஏறியதும் அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். கோபத்தைவிடப் பயம்தான் அவளுக்கு அதிகம். "உங்க மாமாவுக்குத் தெரிஞ்சா கண்ணாலமே நின்னுடும்டி! தவறி வுழுந்துட்டான்னு நான் சொல்லிக்கிறேன். நீ தலைய மட்டும் ஆட்டு." தவறி விழுந்தால் குற்றமில்லை, ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. அண்ணனும் அப்படியே சொல்லச் சொன்னான்.

கரையில் முதலில் எதிர்ப்பட்டது மாமாதான், அத்தையின் கணவர். "இன்னா, பொண்ணு நனைஞ்சிகினு வருது?"

"தவறி வுழுந்துட்டா" என்றாள் அத்தை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டவில்லை.

"வுழல மாமா. நான்தான் குதிச்சேன். உள்ள இன்னா கீதுன்னு பாக்கக் குதிச்சேன்."

மாமாவின் முகம் கறுத்துவிட்டது. "தப்புன்னு சொல்லி கன்னத்துல போட்டுக்க. இல்லாட்டி தாம்பூலத்தத் திருப்பி வாங்கிக்கினு போங்க."

பொய் சொல்ல மாட்டேன், அத்தை மகன் என்றால் எனக்கு உயிர். ஆனால் செய்யாத தப்புக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழைந்தால், ஆயுசுக்கும் போட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

"தப்புன்னா போட்டுக்குவேன். இது தப்பு இல்ல மாமா."

அடுப்படியிலிருந்து அத்தை மகன் எழுந்து வந்தார். கண்ணெல்லாம் புகையில் சிவந்திருந்தது. என்னிடம்தான் கேட்டார்: "உள்ள இன்னா பாத்த?"

"வரி வரியா மீனு. கைய நீட்டினா கூட்டமே ரெண்டா பிரிஞ்சி போவுது. பாறை முழுக்க சிப்பி. அப்பாலிக்கா, நம்ம படகோட வயிறு."

கடலைக் காட்டி மாமாவிடம் சொன்னார்: "தெனிக்கும் அதுமேலதான் போயிகினு கீறேன் நைனா, நானே பாத்ததில்ல. கண்ணாலம் நடக்கும்."

மாமா அன்று மீன் குழம்பைத் தொடவில்லை. கல்யாணத்தன்றும் முகத்தைத் திருப்பிக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தார். இருக்கட்டும்.

சொந்தக்காரர்கள் இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்லும்போது, நல்ல மனசோடுதான், "பாவம், தவறி விழுந்துவிட்டாள்" என்பார்கள். நான் விடுவதில்லை, உடனே திருத்திவிடுவேன். தவறி விழுந்த பெண் என்றால் ஊரே இரக்கப்படும். அந்த இரக்கம் எனக்கு அன்றும் வேண்டியிருக்கவில்லை, இன்றும் வேண்டாம், நான் குதித்தேன்.