மூன்று மழைக்கோட்டுகளின் சத்தம்

மழைக்கோட்டோடு சேர்த்துத் தைத்த தொப்பியைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தால், பின்னால் யாரோ வருவதுபோல் கேட்கும். காதோரம் துணி உரசுகிற சத்தம்தான் அது. நாம் நின்றால் அதுவும் நிற்கும். நாம் வேகமாகப் போனால் அதுவும் வேகமெடுக்கும். இணையத்தில் மலையேற்றக் கோட்டுகளைப் பற்றி நான் படித்த ஒப்பீடுகளில் எடை இருந்தது, விலை இருந்தது, எவ்வளவு மழை தாங்கும் என்பது இருந்தது. இதை மட்டும் யாரும் எழுதவில்லை.

நான் ஒப்பிட்டது மூன்று கோட்டுகளை. ஆனால் நான்காவதாக ஒன்று இருந்தது. அது அப்பாவுடையது. அதைச் சொல்லாமல் மற்ற மூன்றைச் சொல்ல முடியாது.

எங்கள் வீடு சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில், ஓர் அடுக்குமாடியில். அப்பாவுக்கு வேலை பூன் லேயில், ஒரு தொழிற்சாலையில். மோட்டார் சைக்கிளில் போய்வருவார். மழைக்காலத்தில் தடித்த பிளாஸ்டிக் கோட்டு ஒன்றை மாட்டிக்கொள்வார். முதுகுப்பையும் உள்ளே அடங்க வேண்டும் என்று தன் அளவைவிடப் பெரியதாகத்தான் வாங்குவார். அது முழங்காலில் இடித்து இடித்து, லிஃப்டிலிருந்து எங்கள் வாசல்வரை அந்த நீண்ட காரிடார் முழுக்க ‘சரக்... சரக்...’ என்று வரும். சத்தம் கேட்டதும் அம்மா துண்டை எடுத்துக்கொண்டு போய் இரும்புக் கேட்டைத் திறப்பார். மழை நாளில் அப்பா மணியடித்து நான் கேட்டதே இல்லை.

“வெளியிலயே கழட்டுங்க. உள்ள கொண்டு வராதீங்க” என்பார் அம்மா. கோட்டு கேட்டில் தொங்கி நீர் சொட்டும். அப்பா தலையைத் துவட்டி முடிப்பதற்குள் பாலும் சீனியும் இல்லாத கறுப்புக் கோப்பி வந்துவிடும்.

ஒரு மழை நாளில் அந்தச் சத்தம் வரவில்லை. விரைவுச்சாலையில் வண்டி சறுக்கிவிட்டது. நான் அப்போது உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். அதனால் மருத்துவமனையில் தாதி ஆங்கிலத்தில் சொன்னதையெல்லாம் அம்மாவுக்கு நான்தான் தமிழில் சொன்னேன். என்னென்ன சொன்னேன் என்பது பெரும்பாலும் மறந்துவிட்டது. ஒன்று மட்டும் நிற்கிறது. கோட்டைக் கத்தரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது என்றார் தாதி.

“வெட்டின துணி எங்க இருக்காம்? கேளுடா” என்றார் அம்மா.

கேட்டேன். அது இல்லை என்றார்கள். தலைக்கவசம் வந்தது, கைக்கடிகாரம் வந்தது, சாப்பாட்டு டப்பாகூட வந்தது. கோட்டு வரவில்லை.

அப்பா போன பிறகு மழை பிடித்தால் அம்மா மரக்கதவைத் திறந்து வைத்துவிடுவார். இரும்புக் கேட் மட்டும் பூட்டியிருக்கும். சாரல் கூடம்வரை வரும். மழை விடும்வரை கதவைச் சாத்தமாட்டார். கேட்டால், “காத்து வரட்டுமேடா” என்பார். நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு, புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் என் நண்பன்தான் எனக்கு நடக்கும் பழக்கத்தைத் தொற்றவைத்தான். ஞாயிறு அவனுக்கு மாதா கோயிலில் பாட்டுக் குழு. அதனால் சனிக்கிழமைதோறும் காட்டுப்பாதைகளில் நடப்போம். ஆண்டு இறுதியில் பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூரில் ஒரு மலைக்குப் போகலாம் என்றான். அது மழை கொட்டுகிற பருவம்.

அம்மாவிடம் சொன்னேன். அவர் துணி மடித்துக்கொண்டே இருந்தார்.

“நல்ல கோட்டு வாங்கிப் போட்டுக்கிறேன்மா. நனையாம வந்துடுவேன்.”

“நனையாம வரணும்னு யாருடா கேட்டா? வந்தா போதும்.”

போகாதே என்று சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்காகவும் காத்திருக்க வேண்டிவருமே என்பதுதான் என் கவலையாக இருந்தது. என்னால் முடிந்தது படிப்பது. பரீட்சைக்குப் படிப்பதுபோல் கோட்டுகளைப் பற்றிப் படித்தேன்.

முதல் கோட்டு படித்து வாங்கியதல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தபோது வானம் பிய்த்துக்கொண்டது. பெட்டிகளும் குடைகளும் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கடையின் ஓரத்தில் ஒதுங்கினேன்.

“தம்பி, கோட்டா? இது கிழிஞ்சுதுன்னா சொல்லுங்க, நான் கடையை மூடிட்டு ஊருக்குப் போயிடறேன்” என்றார் கடைக்காரர்.

“மலையேறப் போடற மாதிரி வேணும்ணே.”

“எதுல ஏறினா என்ன? மழை மேலேருந்துதானே வருது!” என்று ஒன்றை உருவினார். “உங்க சைஸ் முடிஞ்சுபோச்சு. பெருசுதான் இருக்கு. பெருசா இருந்தா நல்லதுதான், பையும் உள்ள போயிரும்.”

மாட்டிக்கொண்டு எம்ஆர்டி ரயில் நிலையம்வரை நடந்தேன். உட்லண்ட்ஸிலும் மழைதான். லிஃப்டைவிட்டு இறங்கிப் பாதிக் காரிடார் வந்தபோதுதான் என் காலிலிருந்து வருகிற சத்தம் எனக்கே கேட்டது. சரக்... சரக்... நின்றுவிட்டேன். அதற்குள் எங்கள் வீட்டுக் கேட் திறக்கிற சத்தம்.

அம்மா துண்டோடு நின்றார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. கோட்டைத்தான் பார்த்தார். “வெளியிலயே கழட்டுங்க” என்றார். என்னை அம்மா அப்படி மரியாதையோடு அழைத்தது அந்த ஒரு முறைதான்.

தலையைத் துவட்டி முடிப்பதற்குள் கோப்பி வந்தது. கறுப்பாக, சீனி இல்லாமல். அப்படியே குடித்தேன். கேட்டில் தொங்கிய கோட்டு சொட்டி ஓயும்வரை அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் என் கையிலிருந்த குவளை கண்ணில் பட்டது.

“ஐயோ, நீ பால் ஊத்திக் குடிக்கிறவன்ல.”

“பரவாயில்லம்மா.”

அடுத்த சனிக்கிழமை, புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து பழைய ரயில் பாதை வழியாக நண்பனோடு நடந்தபோது இதைச் சொன்னேன். அன்றும் மழை. அவனுடைய இரண்டு கோட்டுகளில் ஒன்றை நானும் மற்றதை அவனும் போட்டிருந்தோம். பாதியில் மாற்றிக்கொண்டோம்.

“மச்சி, அந்தத் தேக்கா கோட்டைத் தூக்கிப் போட்டுடு லா. எங்க வீட்டுல இப்படி நடந்திருந்தா அம்மா இந்நேரம் ஃபாதரைக் கூப்பிட்டு வீட்டை மந்திரிச்சிருப்பாங்க.”

“மந்திரிச்சா சத்தம் போயிடுமா?”

“சத்தம் போகாது. கூட்டம் வரும், பிரியாணி கிடைக்கும்” என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு ஜிப்பைக் காட்டிப் பேச ஆரம்பித்தான்.

அவன் சொன்னதும் நான் கண்டதும் இதுதான். கோட்டின் சீட்டில் பத்தாயிரம் மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால், அந்தத் துணிமேல் அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் கசியாது என்று அர்த்தம். நம் ஊர் மழைக்கு அது போதும். நம்மை நனைப்பது வேர்வை. தேக்கா கோட்டில் ஒரு சொட்டு மழை இறங்காது. ஆனால் மேடேறினால் உள்ளே குளித்துவிடுவோம். நண்பனின் விலை உயர்ந்த கோட்டு மூன்று அடுக்கு. தையல் மேலெல்லாம் உள்பக்கம் பட்டை ஒட்டியிருக்கும். அக்குளில் திறந்துவிட ஜிப் உண்டு. மழை முத்து முத்தாக உருண்டு விழும். ஆனால் பை வார் அழுத்துகிற தோளில் நீர் ஒட்டாத மேல்பூச்சு தேய்ந்து, துணி இருண்டு, நீரைக் குடித்துக் கனத்தது. நடக்கும்போது புதுத்தாளைக் கசக்குகிற சத்தம். மூன்றாவது மென்மையான, இழுபடுகிற துணி. மற்றதைவிட விரைவில் ஈரம் ஏறும். ஆனால் வேர்வையை வெளியே விடும். அதில் சத்தமே இல்லை. தொப்பியைப் போட்டு நடந்தபோது காட்டின் மழை மட்டும் கேட்டது.

“இது போதும்” என்றேன்.

“அந்த மூணு அடுக்குதான் மச்சி நல்லது. படிச்சுட்டுத்தானே வந்தே?”

“இது போதும்டா.”

அதே மாதிரி ஒன்றை வாங்கினேன். தேக்கா கோட்டைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. மடித்து ஸ்டோர் ரூமில் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன்.

புதிய கோட்டோடு வீடு திரும்பிய நாளில், அம்மா கூடத்தில் தரையில் உட்கார்ந்து காய்ந்த இக்கான் பிலிஸ் நெத்திலியின் தலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். துண்டு மடியில் கிடந்தது. நான் கேட்டருகே வந்து நின்றதுகூட அவருக்குத் தெரியவில்லை. “அம்மா” என்றேன். தட்டு கையிலிருந்து நழுவி நெத்திலியெல்லாம் சிதறியது.

“எப்பட்றா வந்தே? திருடன் மாதிரி. சத்தமே கேக்கலையே.”

“இது சத்தம் போடாதும்மா. நல்ல கோட்டு.”

“நல்லதுதான்” என்றார். பார்வை மட்டும் என் தோளைத் தாண்டி லிஃப்ட் பக்கம் போயிற்று. அன்று மழை விட்டு, காரிடார் விளக்குகள் எரிந்த பிறகும் கதவு திறந்தே இருந்தது. வீட்டுக்கு வர வேண்டியவன் நான் ஒருவன்தான். நானோ உள்ளே இருந்தேன்.

மறுநாள் தோசை வைத்துக்கொண்டே கேட்டார்: “அந்தப் பெரிய கோட்டு எங்க? தூக்கிப் போட்டுட்டியா?”

“இல்லம்மா. ஸ்டோர் ரூம்ல இருக்கு.”

“தூக்கிப் போடாதே.”

மலைக்குப் போவதற்கு முந்திய வாரம் நான் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மதியத்திலிருந்து அடைமழை. கீழே கடைக்குப் போய்த் தேங்காய்ப்பால் வாங்கிவருகிறேன் என்று அம்மா சொன்னது காதில் விழுந்தது, அவ்வளவுதான். குடை எடுத்துப் போயிருப்பார் என்று நினைத்தேன்.

லிஃப்ட் கதவு திறந்தது. பிறகு காரிடாரில் சரக்... சரக்...

அந்தச் சத்தத்துக்கு எனக்குத் தெரிந்த ஆள் ஒருவர்தான். அவசரமில்லாத நடை. பெரிய கோட்டு முழங்காலில் இடிக்கிற அதே இடைவெளி. நான் எழுந்ததோ, கொடியிலிருந்து துண்டை உருவியதோ எனக்கு நினைவில்லை. கேட்டின் குளிர்ந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சாம்பல் வெளிச்சத்தில் தொப்பி போட்ட உருவம் ஒன்று சுவரை ஒட்டி வருகிறது. முகம் தெரியவில்லை. வாய்வரை வந்த சொல்லை நான் சொல்லிவிடவில்லை.

பக்கத்தில் வந்த பிறகுதான் மடித்துவிட்ட கைகள் தெரிந்தன. அம்மா தொப்பியைத் தள்ளினார். என்னைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார்.

“உனக்கும் கேட்டுச்சா?” என்றார்.

நான் தலையாட்டினேன்.

“இதுக்குள்ள இருந்தா பின்னாலயே யாரோ வர்ற மாதிரி இருக்குடா.”

“பயமா இருந்துச்சா?”

“பயமென்ன.” துண்டை வாங்கி முகத்தை ஒற்றிக்கொண்டார். “கடையிலேருந்து கூடவே வந்துச்சு. லிஃப்ட்டுல நின்னுச்சு. திரும்ப வாசல்வரைக்கும் வந்துச்சு. இத்தனை நாளா வராதது.”

கோட்டைக் கழற்ற உதவினேன். வழக்கப்படி கேட்டில் மாட்டப் போனேன். அம்மா கையைப் பிடித்தார்.

“வெளிய வேண்டாம். உள்ள கொண்டு வா.”

சொட்டச் சொட்ட அதைக் கூடத்தைத் தாண்டி எடுத்துப்போய்க் குளியலறைக் கொக்கியில் மாட்டினார். தரையெல்லாம் ஈரம். பிறகு திரும்பிவந்து மரக்கதவைச் சாத்தினார். வெளியே மழை இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து கோட்டு சொட்டுவது இருவருக்கும் கேட்டது.

மலைக்குச் சத்தமில்லாத கோட்டோடு போனேன். குறை சொல்ல முடியாது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே பெருமழை பிடித்தபோதும் தோள்கூட நனையவில்லை. நண்பன் முன்னால் வெகுதூரம் போய்விட்டான். நான் அடிக்கடி நின்று திரும்பிப் பார்த்தேன். வேர்களும் மூடுபனியும் மட்டும் இருந்தன. தொப்பிக்குள் இருப்பதால்தான் அந்தச் சரக் சத்தம் கேட்கவில்லையோ என்று அதைப் பின்னால் தள்ளிவிட்டு நடந்தேன். இறங்கும்போதும் அப்படித்தான். பாலம் கடந்து உட்லண்ட்ஸில் இறங்கி, மழையிலேயே வீட்டுக்கு நடந்தபோதும் அப்படித்தான்.

கதவு சாத்தியிருந்தது. எத்தனையோ மழைக்குப் பிறகு அந்த வீட்டு மணியை அடித்தேன்.

அம்மா திறந்தார். கோட்டைத் தொட்டுப் பார்த்தார், உள்ளே கைவிட்டுச் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் காய்ந்திருந்தது.

“கோட்டு நல்ல கோட்டுதான்” என்று துண்டை நீட்டினார். “தலை மட்டும் எப்படிடா நனைஞ்சுது?”