ஞானராஜ் அண்ணாச்சி வரைந்த, யாரும் செய்யாத வெடிகள்

காலண்டர் புரூஃப் திருத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "சித்தப்பா, அப்பா போயிட்டாக" என்றாள், மதுரையில் நர்ஸாக இருக்கும் ஞானராஜ் அண்ணாச்சியின் மகள். "சரிம்மா" என்று வைத்துவிட்டு, மீதிப் பக்கத்தையும் திருத்தி முடித்தேன். அதற்குப் பிறகுதான் அவர் வீடு இருக்கும் விருதுநகருக்குப் பஸ் ஏறினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

சிவகாசி அச்சகத்தில் அவரோடு வேலை பார்த்த, இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்களுக்கு அவரைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பட்டாசைச் செய்துவிட்டு லேபிள் ஒட்டுவார்கள் என்றுதான் ஊரார் நினைப்பார்கள். லேபிளுக்குப் படம் வரைகிற அண்ணாச்சியிடம் எல்லாம் தலைகீழ். கம்பெனிக்காரர் வந்து, "மயில் தோகை மாதிரி விரியணும், கடைசில மஞ்சளா உதிரணும்" என்று கையை ஆட்டிச் சொல்வார். இவர் வரைந்து கொடுப்பார். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அங்கே மருந்து கலப்பார்கள். வெடி படத்தைப் போல வரவில்லை என்று ஒருமுறை புகார் வந்தது. "படம் நல்லாத்தானலே வெடிக்கு. மருந்து வெடிக்கலைன்னா நான் என்ன செய்ய?" என்றார்.

மூன்று வருடத்துக்கு முன்பு, சென்னையில் ஒரு கண்காட்சிக்குப் படைப்புகள் கேட்டு ஆங்கிலத்தில் அறிவிப்பு வந்திருந்தது. கான்செப்சுவல் ஆர்ட் என்று போட்டிருந்தார்கள். "கருத்துக் கலையாம் அண்ணாச்சி. பொருளைச் செய்யறதுக்கு முன்னால கருத்தை வரையறது. நீங்க பண்றதுதான்" என்றேன். பிழை திருத்தியே பிழைப்பு நடத்துகிறவன் சொன்னால் நம்பமாட்டாரா? நல்ல படங்களாகப் பொறுக்கி அனுப்பினார். கண்காட்சிக்குப் போக வேட்டி சட்டைகூட எடுத்துவிட்டார். "ஏலே, லேபிள்காரன்னு இனிமே ஒரு பய சொல்ல மாட்டான்ல?" என்று கேட்டார்.

படங்கள் திரும்பி வந்தன. கூடவே ஆங்கிலத்தில் ஒரு கடிதம். இவை கான்செப்ட் ஆர்ட், அதாவது பின்னால் செய்யப்போகும் பொருளுக்காக வரையும் மாதிரிப் படங்கள். நாங்கள் கேட்டது கான்செப்சுவல் ஆர்ட், அதில் எண்ணமே படைப்பு, பொருள் என்று ஒன்று உருவாக வேண்டியதுகூட இல்லை என்று எழுதியிருந்தார்கள். "இந்த வருசம் இடமில்லையாம் அண்ணாச்சி" என்று சொல்லி, கடிதத்தைக் கவரோடு அவரிடமே நீட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது என்ற தைரியம்தான். கேவலம்.

ஒரு மாதம் கழித்து, டீ குடிக்கும்போது கேட்டார்: "ஏலே, நான் வரைஞ்சு கொடுத்து, கம்பெனிக்காரன் செய்யாமலே விட்ட வெடி எம்புட்டு கெடக்கு! அதெல்லாம் எந்தக் கலையில சேரும்?" நான் சிரித்து மழுப்பினேன். அவரும் சிரித்தார்.

கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். எல்லோரும் அழுதார்கள். எனக்கு வரவில்லை. வெயில் உறைக்கவில்லை, கொடுத்த காப்பி சூடா, ஆறியதா என்றும் தெரியவில்லை. அண்ணாச்சியின் மனைவி, மதினியிடமாவது கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

"தெரியும் தம்பி. மக அப்பவே வாசிச்சுச் சொல்லிட்டா. அவுகதான் 'பாவம், அவன்கிட்ட யாரும் கேக்கக் கூடாது. அவனாச் சொல்லட்டும்'னாக."

மூன்று வருடம் எனக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார், நானாகச் சொல்வேன் என்று. படங்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். அவர் எனக்காகக் காத்திருந்தார் என்பது ஒன்றைத்தான் வைத்திருக்கிறேன். உங்கள் எல்லோர் முன்னாலும் அச்சில் சொல்கிறேன்: அண்ணாச்சி, உங்க படத்துல ஒரு தப்பும் இல்ல. அர்த்தம் தெரியாம அனுப்பச் சொன்னது நாந்தான்.