எஃப் பன்னெண்டு

வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீசுக்கு எதிர் வரிசையில மனு அடிச்சுக் கொடுக்கற கடை வச்சிருக்கேன். ஒரு டேபிள், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வெளிய ஒரு பெஞ்சு. பதினேழு வருஷமா இதான் என் பொழப்பு. பட்டா, முதியோர் பென்ஷன், வழித்தகராறு, எதுவா இருந்தாலும் நீங்க சொல்லச் சொல்ல நான் அடிச்சு முடிச்சிருப்பேன். கீபோர்டைப் பார்க்கறது கிடையாது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ண கை இது, சும்மா இல்ல.

போன வருஷம் அந்தக் கம்ப்யூட்டர் ரொம்பப் படுத்துச்சு. ஆன் பண்ணிட்டுப் போய் டீ குடிச்சிட்டு வந்தாலும் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். ரிப்பேர்காரர் வந்து பார்த்துட்டு, "இந்த மெஷின் புது விண்டோஸைத் தாங்காதுங்க மேடம். லினக்ஸ் போட்டுத் தர்றேன். எல்லாம் அதே மாதிரிதான், வித்தியாசமே தெரியாது"ன்னாரு. சனிக்கிழமை போட்டாரு. என் பழைய மனுவையெல்லாம் ஒண்ணு விடாம காப்பி பண்ணித் தந்தாரு, அதுல குறை சொல்ல மாட்டேன். நானும் சந்தோஷமா பூட்டிட்டுப் போனேன்.

திங்கட்கிழமைதான் குறைதீர் கூட்டம். முந்தின நாள் ஞாயித்துக்கிழமை பௌர்ணமி வேற. கிரிவலம் சுத்திட்டு அப்படியே மனுவும் கொடுத்துட்டுப் போவோம்னு வர்றவங்க ஜாஸ்தி. எட்டு மணிக்கே பெஞ்சு நிறைஞ்சுடுச்சு.

ஆல்ட்டும் மூணும் அழுத்தினா தமிழ் வரணும். வரல. ரிப்பேர்காரர் எழுதிக் கொடுத்த சீட்டைத் தேடி, அதுல இருந்ததை அழுத்தினேன், வந்துது. அடுத்த தடவை கை மறுபடியும் ஆல்ட்டுக்கே போவுது. இதாவது பரவால்ல. எனக்கு இன்னொரு பழக்கம் இருக்கு. புது மனுவை மொட்டையா ஆரம்பிக்க மாட்டேன். அதே மாதிரி பழைய மனு ஒண்ணைத் திறந்து எஃப் பன்னெண்டு அழுத்துவேன். வேற பேர் கொடுன்னு கேட்கும். புது ஆள் பேரைப் போட்டு சேவ் பண்ணிட்டு அப்புறம்தான் உள்ள கை வைப்பேன். பழசு பழசா இருக்கும், புதுசு தனியா வந்துடும். லினக்ஸ்ல எஃப் பன்னெண்டு அழுத்தினா வரிக்கு முன்னாடி ஒண்ணுன்னு நம்பர் போடுது. ஏதோ அலங்காரம் பண்ணுது சனியன்னு அதை அழிச்சு அழிச்சு விட்டேன். பேர் மாறாமலே பழைய மனு மேலயே சேவ் ஆவுதுன்னு புத்திக்கு எட்டல.

மத்தியானம் செங்கம் பக்கத்துலருந்து ஒரு அம்மா வந்தாங்க. அவங்க வீட்டுக்குப் போற வழியில பக்கத்து நிலத்துக்காரர் வேலி போட்டுட்டாரு. நாலு வருஷமா மனு கொடுக்கறாங்க. ஒவ்வொரு தடவையும் தேதி, ரசீது நம்பர், ஆபீஸ்ல என்ன சொன்னாங்கன்னு ஒரு வரி சேர்த்துக்கிட்டே வந்திருக்கேன். அந்த ஃபைலைத் திறந்தா, உள்ள காலையில வந்த யாரோ ஒருத்தர் பேரு, அவர் ஊரு, அவர் தகராறு. அந்தம்மாவோட நாலு வருஷம் காணோம்.

விஷயத்தைச் சொன்னேன். அவங்க, "போனா போவுது விடும்மா. ரசீதெல்லாம் வீட்டுல கீது. அடுத்த திங்கக்கெழம எடுத்தாறேன்"னு எழுந்து பஸ்சுக்குப் போயிட்டாங்க. நாலு வார்த்தை திட்டியிருந்தா தேவலாம்.

பெஞ்சுல இருந்தவங்களும் ஒவ்வொருத்தரா பக்கத்துக் கடைக்கு எழுந்து போனாங்க. மெட்ராஸ்ல இருக்கற என் பையன் கடையைக் கொடுத்துட்டு வாம்மான்னு ரொம்ப நாளா கூப்பிட்டுக்கிட்டு இருக்கான். அன்னிக்கு சாயந்திரம் நானே போன் பண்ணி, வந்துடறேன்டான்னு சொல்லிட்டேன்.

போனை வச்சா வாசல்ல பக்கத்துக் கடைக்காரர் நிக்கறாரு. அவரும் மனு அடிக்கறவர்தான், ரெண்டு கடைக்கும் நடுவுல ஒரு பிளைவுட் பலகை. என் போர்டை மறைக்கற மாதிரி அவர் போர்டு வச்சாருன்னு மூணு வருஷத்துக்கு முன்னாடி வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். அதுலருந்து பேச்சு வார்த்தை கிடையாது. "என்னாச்சுக்கா?"ன்னாரு.

"ஏன், குளுகுளுன்னு இருக்கா? என் கூட்டம் பூரா இன்னிக்கு உங்க பெஞ்சுலதானே"ன்னேன். என் வாய் அப்படி.

அவர் அதைக் காதுலயே வாங்கல. "நானும் லினக்ஸ்தான் ஓட்டறேன். கீயெல்லாம் நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கலாம். உங்களுக்கு எது எது எப்படி வேணும், சொல்லுங்க"ன்னாரு.

சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். ஒண்ணும் வரல. எஃப் பன்னெண்டு ஞாபகம் இருந்துது, ஆல்ட் மூணு இருந்துது. மத்ததெல்லாம் எதை அழுத்தறேன்னு எனக்கே தெரியல, சாமி சத்தியமா.

"கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணுங்க. நான் சொல்றேன், நீங்க பாட்டுக்கு மனு அடிங்க"ன்னாரு. செத்த கீபோர்டுல அடிக்கறதா, இந்த ஆளுக்குப் பித்தான்னு நினைச்சேன். ஆனாலும் உட்கார்ந்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கிட்டு, ஏரிக்கரை நிலம், அண்ணன் தம்பி பாகம், தாத்தா எழுதி வச்ச பத்திரம்னு மனுக்காரர் மாதிரியே அழுதாரு. நானும் அடிச்சுக்கிட்டே போய், "சர்வே நம்பர் சொல்லுங்க"ன்னு கேட்டுட்டேன். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. அதுக்குள்ள அவர் என் விரலைப் பார்த்துப் பார்த்து, வீணாப்போன மனுத் தாளுக்குப் பின்னாடி ஒரு பக்கம் எழுதி முடிச்சிருந்தாரு. நான் ஒவ்வொரு பாராவுக்கும் ரெண்டு தடவை சேவ் பண்றேனாம், அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அடுத்த ரெண்டு நாளும் கடையைச் சாத்திட்டு வந்து உட்கார்ந்து, அந்தத் தாள்ல இருந்தபடி ஒவ்வொண்ணா மாத்தினாரு. ஒண்ணே ஒண்ணு மட்டும் மாற மாட்டேன்னுடுச்சு. பிரிண்ட் அடிக்க நான் ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா அழுத்தற கீ வரிசை. அதை நான் புதுசா பழகிக்கிட்டேன்.

திங்கட்கிழமை அந்தம்மா ரசீதெல்லாம் பிளாஸ்டிக் கவர்ல போட்டு எடுத்துட்டு வந்தாங்க. வேற ஒரு வழித்தகராறு மனுவைத் திறந்து எஃப் பன்னெண்டு அழுத்தினேன். பேர் கேட்டுது. எனக்குப் பொலபொலன்னு கண்ணுல தண்ணி. "இன்னாம்மா, என் கதைக்கா அழுவுற?"ன்னாங்க. ஆமாம்மான்னேன். நாலு வருஷத்தையும் தேதி தேதியா அடிச்சு, ரெண்டு காப்பி எடுத்துக் கையில கொடுத்தேன்.

சாயந்திரம் பையனுக்குப் போன் பண்ணி வரலன்னு சொல்லிட்டு, மூணு வருஷம் கழிச்சு முதல் தடவையா பக்கத்துக் கடைக்குள்ள போனேன். "நான் போயிருந்தா உங்களுக்கு நல்லதுதானே. ஏன் செஞ்சீங்க?"ன்னு கேட்டேன்.

அவர் திரும்பாமலே சொன்னாரு. "போன வாரம் கூட்டம் பூரா என்கிட்டதான் வந்துது. எனக்கு வேலையே ஓடலக்கா. பலகைக்கு அந்தாண்ட நீங்க அடிக்கற சத்தத்தோட சேர்ந்துதான் நானும் இத்தனை வருஷமா அடிக்கறேன். அன்னிக்கு அது நின்னு நின்னு வந்துது. என் கையும் நின்னு நின்னு போச்சு."

என்கிட்ட பேச்சு இல்லாத அந்த மூணு வருஷமும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்காரு. நல்லா இருங்கன்னு மட்டும்தான் என் வாயில வந்துது.