மூக்கு எடுத்த படங்கள்

என் வீட்டுக்காரருக்குப் பிழைப்பு லிஃப்ட் பழுது பார்ப்பதில், உயிர் கேமராவில். கல்யாணமான பத்தொன்பது வருஷமாக அவருடைய பெரிய கேமராவை நான் சக்களத்தி என்றுதான் சொல்லி வருகிறேன். போன மாதம் அவருக்கு வலது தோளில் ஆபரேஷன் நடந்தது. இனிமேல் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் மனுஷன் முகம் தொங்கிவிட்டது.

கேமரா கடைக்காரர் ரொம்ப நாள் பழக்கம். புதிதாக வந்த சின்ன கேமரா ஒன்றை ஒரு வாரம் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். பிடித்தால் பெரியதைக் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை திருப்பித் தர வேண்டும்.

"இதுவும் சரிப்படலைன்னா படம் எடுக்கறதையே விட்டுடறேன்" என்றார் இவர். சும்மா சொல்கிற ஆள் இல்லை, சிகரெட்டை இப்படித்தான் ஒரே வார்த்தையில் விட்டார். படம் எடுக்காத இவரோடு குடும்பம் நடத்தி எனக்குப் பழக்கமில்லை.

அந்த வாரம் பார்த்து மூச்சு விட நேரமில்லை. திங்கள் சாயங்காலம் அவர் ஆபீஸ் ஸ்டோர்கீப்பருக்குப் பிரிவு உபசார விழா. புதன்கிழமை மகளுக்கு நீச்சல் போட்டி. வெள்ளிக்கிழமை நாத்தனார் வீடு மாறினாள். சனிக்கிழமை பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பிறந்த நாள். எல்லா இடத்திலும் சின்ன கேமரா அவர் கையில், பெரியதும் அதன் லென்ஸுகளும் இருக்கிற பை என் தோளில். "ஒருவேளை வேண்டியிருந்தா?" என்பார். "படத்துல வராம இடது பக்கம் ஓரமா நில்லு" என்பது கூடவே வரும் உத்தரவு.

சின்ன கேமராவைப் பற்றி நாளுக்கொரு கருத்து. திங்களன்று, "சோப்பு டப்பா மாதிரி வழுக்குது." புதனன்று, "இதைப் பார்த்து யாரும் விறைச்சுக்கலை. அவங்கபாட்டுக்குப் பேசிட்டிருக்காங்க." வெள்ளியன்று, "சட்டைப் பையில இருக்கறதே மறந்துபோச்சு." எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் அதில் மண் விழுந்தது. கேமராவின் திரையில் நன்றாகத் தெரிந்த படங்களைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் ஸ்டோர்கீப்பர் மங்கல், மகள் மங்கல், பிறந்தநாள் குழந்தையும் மங்கல்.

"பொம்மை" என்றார். எழுந்து அதன் பெட்டியைத் தேடினார்.

நான் சட்டைத் தொழிற்சாலையில் தையல் சரிபார்ப்பவள். நூறு சட்டையிலும் ஒரே இடத்தில் தையல் பிசகினால் துணியைத் திட்டிப் பிரயோஜனமில்லை, தைக்கிற கையைப் போய்ப் பார்க்க வேண்டும். இந்தப் படங்களில் இடது பக்கம் ஓர் இடம் மட்டும் தெளிவாக இருந்தது, அதுவும் எல்லாப் படத்திலும். அங்கே என்ன இருக்கிறது என்று அப்போது பார்க்கத் தோன்றவில்லை.

"எப்பவும் எடுக்கிற மாதிரி என்னை ஒண்ணு எடுங்க" என்றேன்.

வழக்கம்போல கேமராவின் இடது மூலையில் இருக்கிற பார்வைத் துளையை இடது கண்ணில் ஒட்டினார். விரல் தொட்ட இடத்தில் ஃபோகஸ் ஆகிற தொடுதிரை அது. அதன் இடது பக்கத்தில் அவருடைய மூக்கு சுகமாகப் படுத்திருந்தது.

"ஏங்க, இதுல உங்க மூக்குதான் குறி பாக்குது."

அவர் நம்பவில்லை. நானே தொடுதிரையை அணைத்துக் கொடுத்தேன். மூன்று படம் எடுத்தார், மூன்றும் பளிச்சென்று விழுந்தன. ஒரு மாதத்துக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார்.

சிரித்துக்கொண்டே, மூக்கு இத்தனை நாள் எதைப் பிடித்தது என்று பழைய படங்களைத் திறந்தார். சின்ன கேமராவின் லென்ஸ் அகலமானது. ஓரம் என்று நினைத்து நான் நின்ற இடமெல்லாம் உள்ளே வந்திருந்தது. ஸ்டோர்கீப்பருக்குப் பின்னால் நான். நீச்சல் குளத்துச் சுவரோரம் நான். எல்லாவற்றிலும் பையோடு ஒரு பக்கம் சாய்ந்து, தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு சுருக்கம் விடாமல் தெளிவாக நின்றேன்.

சிரிப்பு நின்றது. "எத்தனை நாளா வலிக்குது?"

"உங்க ஆபரேஷன்லேர்ந்து."

ஞாயிற்றுக்கிழமை பையை அவரே இடது தோளில் மாட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். சக்களத்தி மேஜைக்கு அந்தப் பக்கம் போனாள். சந்தோஷப்பட வேண்டியவள் நான், பையின் வாரைக் கடைசியாக ஒருமுறை தடவிவிட்டுத்தான் கையை எடுத்தேன்.

கடை வாசலில் சட்டைப் பையிலிருந்து சின்னதை எடுத்தார். "அப்படியே நில்லு" என்றார். நான் பழக்கத்தில் இடது பக்கம் ஒதுங்கினேன்.

"ஓரமா இல்ல, நடுவுல."

நடுவில் நின்றேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.